எரிந்தவன் திரும்பி வந்த படம்

டாக்டர் மூளையை எடுத்துத் தட்டில் வைத்தபோது நான் கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டு. எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பதும் அதே தட்டுத்தான். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்தில் அத்தை சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடி, என் தோளில் சாய்ந்துகொண்டு, "எடுத்துட்டானா? வெச்சுட்டானா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை என்று எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு அவர் இன்னும் எனக்கு அத்தை ஆகியிருக்கவில்லை. அதற்குப் பங்குனி வரவேண்டியிருந்தது. நடுவில் இந்தப் படம் வந்தது.

மழைக்கு ஒதுங்கியவர்கள்

படம் பார்க்கவென்று நாங்கள் ஹட்டனுக்குப் போகவில்லை. கூறைச்சேலை எடுக்கப் போனோம். தோட்டத்துத் தபால்காரரான என் அப்பா, மாப்பிள்ளையின் அப்பா கங்காணி மாமா, அவர் மனைவியான மேலே சொன்ன அத்தை, தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சின் டிரைவரான மாப்பிள்ளை தங்கவேல், பிறகு நான். கலியாணப் பெண்ணே சேலை எடுக்கக் கூடப் போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. "கட்டிக்கப் போறவ பாக்காம வேற யாரு பாக்குறது?" என்று அத்தைதான் என்னை இழுத்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. வீட்டிலேயே இருந்துவிட்டார்.

சேலை எடுத்து முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. தமிழ்ப் படம் என்று நினைத்துத்தான் தியேட்டருக்குள் நுழைந்தோம். ஆனால் கொழும்பிலிருந்து வரவேண்டிய படப்பெட்டி அன்றைய ரயிலில் வரவில்லை. கையில் இருந்த ஓர் ஆங்கிலப் படத்தைப் போட்டுவிட்டார்கள். அதையும் டிக்கட்டைக் கிழித்த பிறகுதான் சொன்னார்கள்.

அதுவும் இரண்டாம் பாகம். முதல் பாகம் ஹட்டன் பக்கம் வந்ததேயில்லை.

கதை இதுதான். ஒரு சீமைப் பிரபு. ஆட்களைப் பிடித்து அறுத்துத் தைப்பது அவன் பொழுதுபோக்கு. முதல் பாகத்தில் ஊரார் சேர்ந்து அவனை மாளிகையோடு கொளுத்திவிட்டார்கள். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் அந்த நெருப்பை மறுபடி கொஞ்சம் காட்டினார்கள். ஜுவாலைக்கு நடுவில் பிரபு நின்று தங்கப்பல் தெரியச் சிரித்தான். அடுத்து வந்தவர் ஒரு விஞ்ஞானி, டாக்டரும் அவரேதான். வானத்திலிருந்து விழுந்த ஒரு நீலக் கல்லைக் கண்டெடுக்கிறார். பிரபுவின் சாம்பலைக் கூட்டி அள்ளிக் கண்ணாடி உருளையில் போட்டு, கல்லை மேலே வைத்து, இயந்திரத்தை ஓட்டுகிறார். சாம்பல் கூடி மனிதனாகிறது. ஆனால் உறுப்புகள் அதிக நாள் தாங்குவதில்லை. ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. விழ விழ, புது உறுப்புக்கு ஆள் வேண்டும்.

நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. படம் வேகமாகப் போனது.

யாருடையதும் அல்லாத ரத்தம்

நான் கொழும்பில் மருத்துவிச்சிப் பயிற்சியும் மருந்து கலக்கும் பயிற்சியும் முடித்து, தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலைக்குச் சேர்ந்து சில காலம் ஆகியிருந்தது. பெரியவர்களும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் எதையும் வரிசைப்படுத்தி எழுதச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். படம் பார்த்தாலும் அந்தப் பழக்கம் போகாது. அன்று நான் ரசித்தவை:

அ. ரத்தத்தின் நிறம். அது ரத்தமே இல்லை. காயத்துக்குப் போடும் சிவப்பு மருந்து. யாரோ போத்தல் போத்தலாகக் கொட்டியிருக்கிறார்கள்.

ஆ. பிரபு கையில் ஏந்திய இதயம். குழாய் ஒன்றும் இல்லாமல் தானே துடித்தது. அளவைப் பார்த்தால் மாட்டினுடையது.

இ. வலது பக்கம் இருக்கவேண்டிய ஈரலை இடது பக்கத்திலிருந்து எடுத்தது.

ஈ. திறந்த வயிற்றுக்கு மேலே குனிந்து டாக்டர் சுருட்டுப் பிடித்தது. சாம்பல் உள்ளே விழுந்திருக்கும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இவ்வளவுக்கும் சிரித்த நான் ஓர் இடத்தில் சிரிக்கவில்லை. சாம்பல் தரையில் சிந்திக் கிடக்கிறது. அறையில் ஆள் இல்லை, சத்தம் இல்லை, ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. அந்தச் சாம்பல் மெதுவாகக் கதவுப் பக்கம் நகரத் தொடங்குகிறது. கச்சான் பொட்டலத்தைக் கசக்கிவிட்டேன். அந்தப் பயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு மிஸ்ஸிக்கு இதெல்லாம் எப்படிப் பிடிக்கிறது என்று பிறகு பலர் கேட்டார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட காலையும், பிரசவத்தில் நிற்காத உதிரப்பெருக்கையும் பார்க்கிற வேலை. அங்கே நான் பயப்படக்கூடாது. முகம் மாறினால் படுத்திருப்பவள் என் முகத்தைப் பார்த்தே பாதி செத்துப்போவாள். தியேட்டரில் ஓடுவது யாருடையதும் அல்லாத ரத்தம். அதைத் துடைக்கவேண்டியவள் நான் இல்லை. ஆசை தீரப் பயப்படலாம்.

அத்தைக்கு அந்தப் பக்கம் தங்கவேல் உட்கார்ந்திருந்தார். விஞ்ஞானி இயந்திரத்தை ஓட்டியதும் முன்னால் சாய்ந்தார்.

"அது கொதிகலன் மானிதாங்க. முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு. இவன் பக்கத்துலயே நின்னு பேசிக்கிட்டு இருக்கான்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"வெடிக்குமா?" என்றேன்.

"வெடிக்காம? மொதல்ல ரோதமுனிக்கு ஒரு சூடமாச்சும் கொளுத்தினானா பாருங்க."

ரோதமுனி தொழிற்சாலைச் சக்கரங்களைக் காக்கும் சாமி. தங்கவேல் அவருக்குச் சூடம் காட்டாமல் ஒரு நாளும் இஞ்சினைத் தொட்டதில்லை. படத்தில் இயந்திரம் வெடித்தது. அவர் என்னைப் பார்த்து, சொன்னேனே என்பதுபோல் தலையை ஆட்டினார். பெரியவர்கள் பேசி முடித்த கலியாணம்தான். இவரைத்தான் கட்டிக்கொள்ளவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த வெடியின்போதுதான்.

எரிந்த கட்சி, எரியாத கட்சி

இந்த இடத்தில் காமன் கூத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது.

மாசி பிறந்தால் எங்கள் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன காமன் நெற்றிக்கண்ணில் எரிந்துபோகிறான். ரதி அழுது புரண்டு கேட்டதில், மூன்றாம் நாள் அவனுக்கு உயிர் வருகிறது. ஆனால் வந்தவன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். இதைத் தோட்டமே காமன் பொட்டல் என்ற வெளியில் கூடி ஆடிப் பார்க்கும்.

அதோடு இலாவணி என்ற பாட்டு வழக்கும் உண்டு. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி பாடும். எரியவே இல்லை என்று மற்றது பாடும். எங்கள் தோட்டத்தின் இரண்டு பிரிவுகளில் மேல்கணக்கு எரிந்த கட்சி, கீழ்க்கணக்கு எரியாத கட்சி. மேல்கணக்குக்கு டேப்பு என்கிற தோல்வாத்தியம் அடித்துப் பாடுகிறவர் என் அப்பா. கீழ்க்கணக்குக்குக் கங்காணி மாமா. மாசி முழுவதும் ஒருவரை ஒருவர் வாய் கூசாமல் ஏசிக்கொண்டு, பங்குனியில் ஒரே செம்பில் தண்ணீர் குடிப்பார்கள். அந்த நட்பில்தான் சம்பந்தமே பேசினார்கள்.

இப்போது அந்தத் தியேட்டருக்குத் திரும்புவோம். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆனால் எரிந்துபோன ஒருவன் எழுந்து வந்து நிற்பதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் எதற்கு?

தங்கப்பல் மறுபடி மின்னியதும் கங்காணி மாமா தொடையில் தட்டினார். "பாத்தீங்களா சம்மந்தி. எரியல."

"சாம்பல கூட்டி அள்ளினத நீங்க பாக்கலியா?" என்றார் அப்பா.

"அது வெறகுச் சாம்பலு."

முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, எரிந்தது உண்மை என்று அப்பா பக்கம் சேர்ந்தார். பின்வரிசையில் ஒருவர், எரிந்தால் பல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். இடைவேளைக்குள் கலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். டோர்ச் விளக்கு வைத்திருந்த தியேட்டர்க்காரர் வந்து அடக்கினார். பஸ்ஸில் அடக்க யாரும் இல்லை. வழக்கு எங்களோடு சேர்ந்து தோட்டத்துக்கு ஏறி வந்தது.

ஒத்திவைப்பு

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பா ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லிவிட்டார். கண் முன்னால் எரிந்ததை எரியவில்லை என்கிற வீட்டில் பெண்ணை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். கங்காணி மாமா சேலைப் பொட்டணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பொட்டலில் வழக்கு தீரட்டும், அப்புறம் பரிசத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளில் பட்டிப்பொலப் பக்கத்திலிருந்து கங்காணி மாமாவின் தங்கை, கலியாண வயதில் இருந்த மகளோடு ரயிலில் வந்து இறங்கினாள். தங்கவேலுக்கு முறைப்பெண். காமன் பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். காமன் பார்க்க வருகிறவர்கள் பெட்டி படுக்கையோடும் ஒரு தகரம் நெய்யோடும் வருவதில்லை.

அதன் பிறகு எனக்கு மருந்து அளப்பதில் கவனம் நிற்கவில்லை. படத்தில் வந்த அத்தனை ஆங்கிலப் பேச்சையும் புரிந்துகொண்டவள் தோட்டத்திலேயே நான் ஒருத்திதான். எந்தப் பக்கம் சொன்னாலும் மறுபக்கம் முறியும். அப்பா பக்கம் சொன்னால் கங்காணி மாமாவின் வீறாப்பு முறைப்பெண்ணில் போய் முடியும். அந்தப் பக்கம் சொன்னால் அப்பா எனக்காக டேப்பைக் கீழே வைப்பார். பிறகு எப்போதும் எடுக்கமாட்டார். அவரை எனக்குத் தெரியும்.

கங்காணி மாமா ஒரு காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார். எங்கே வலி என்று கேட்டேன். முதலில் வலது பக்கம் காட்டினார், பிறகு இடது பக்கம். கடைசியில் வலியையே மறந்துவிட்டார்.

"மிஸ்ஸிம்மா, அந்த வெள்ளக்கோட்டுக்காரன் கண்ணாடிக் குடுவைக்கிட்ட நின்னு எம்புட்டு நேரம் பேசுனான். என்னா சொன்னான்?"

"பொட்டல்ல கேட்டா சொல்றேன் மாமா."

"எனக்கு மட்டும் ஒரு சொட்டு சொல்லக்கூடாதா?"

ஓமவாசனை அடிக்கும் வயிற்று மருந்தை அளந்து நீட்டினேன். இல்லாத வலிக்கு அதை முகம் சுளித்துக் குடித்துவிட்டுப் போனார். அன்று மாலையே அப்பா வந்து அதே கேள்வியைக் கேட்டார். அப்பாவுக்கு வலி எதுவும் தேவைப்படவில்லை. பதில் அவருக்கும் அதேதான்.

பொட்டலில்

வழக்கு எடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் இறங்கும் முன்பே இரண்டு கணக்கும் காமன் பொட்டலில் கூடிவிட்டன. அந்த வருஷம் காமனைப் பற்றி யாரும் பாடவில்லை. சீமைப் பிரபுவைப் பற்றித்தான் பாடினார்கள். படம் பார்க்காதவர்களும் அதற்குள் பார்த்தவர்களைவிட நன்றாகச் சொல்லப் பழகியிருந்தார்கள்.

அப்பா சாம்பலை வைத்துப் பாடினார். கங்காணி மாமா தங்கப்பல்லை வைத்துப் பாடினார். நெருப்பில் எரிந்தவனுக்குப் பல் மட்டும் உருகாமல் இருக்குமா? அதற்கு அப்பா, நெருப்பைப் பற்றித் தெரிந்தவரையே கேட்போம் என்று தங்கவேலைக் கூப்பிட்டுவிட்டார்.

பாவம், ஒரு பக்கம் அப்பன், மறுபக்கம் மாமனார். முறைப்பெண்ணின் தாய் நெய்த் தகரத்தையே பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து, "எந்த அடுப்புன்னு தெரியாம சொல்ல முடியாதுங்க" என்றார். இரண்டு பக்கமும் சலித்துக்கொண்டது. எனக்கு மட்டும் அது சரியான பதிலாகத் தெரிந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இலாவணியில் பெண் எழுந்து பேசியதாக யாருக்கும் ஞாபகமில்லை. பெண்கள் பக்கமிருந்து எழுந்து நடுவில் போய் நின்றேன். கண்ணாடி உருளைக்குப் பக்கத்தில் நின்று விஞ்ஞானி பேசியதை உள்ளபடி சொன்னேன்.

"அவன் எரிஞ்சது நெசம். ஒரு எலும்புகூட மிஞ்சாம எரிஞ்சிட்டான்."

மேல்கணக்கு டேப்பைத் தட்டிக் குதித்தது. அடங்கும்வரை காத்திருந்தேன்.

"ஆனா அந்தச் சாம்பலு எதையும் மறக்கல. இந்தத் துகளு கண்ணு, இந்தத் துகளு பல்லுன்னு அதுக்குத் தெரியும். அதனால எழும்பினவனுக்குத் தான் எரிஞ்சதே தெரியாது."

இப்போது கீழ்க்கணக்கு குதித்தது. இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் ஜெயித்துவிட்டன. இப்படி ஒரு சங்கடம் அந்தப் பொட்டலில் நடந்ததில்லை. தலைக்குத் தலை கத்தினார்கள். கடைசியில் கங்காணி மாமா கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார்.

"அப்ப எழும்பினவன் அதே ஆளா, வேற ஆளா? அதச் சொல்லுங்க, முடிஞ்சிரும்."

"அத டாக்டரு சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள அவரு தலைய எடுத்துட்டாங்க மாமா."

உண்மையும் அதுதான். படம் எடுத்தவர்களுக்கும் அந்த இடத்தில் விடை தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கூட்டம் முணுமுணுத்தது. வழக்கு தீராமல் அடுத்த மாசிக்குத் தள்ளிப்போகிற மாதிரி இருந்தது. அடுத்த மாசிக்குள் முறைப்பெண் என்னைவிட நல்ல கூறைச்சேலை கட்டியிருப்பாள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"ஏம்மா, அவனுக்குப் பொண்டாட்டி ஒருத்தி இருந்தாளே. கறுப்புச் சேல கட்டிக்கிட்டு, சன்னல்கிட்ட அழுதுக்கிட்டு. இவன் போயி கதவத் தட்டினான்ல? நான் அப்ப கண்ண மூடிட்டேன். அவ தொறந்தாளா?"

"தொறந்தாங்க அத்தை."

"மொகத்தப் பாத்தாளா?"

"நல்லாப் பாத்தாங்க. சிரிச்சாங்க."

"அவன் என்னா பண்ணுனான்?"

"கழுத்தக் கடிச்சான்."

அத்தை தன் புருஷனை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அப்ப அவனேதான்" என்றார்.

முதலில் சிரித்தது கீழ்க்கணக்குப் பெண்கள். பிறகு மேல்கணக்குப் பெண்கள். அப்புறம் கணக்கு வித்தியாசமில்லாமல் பொட்டல் முழுக்கச் சிரித்தது. அப்பா டேப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். இலாவணியில் பாட்டுக்குப் பாட்டுத்தான் பதில். சிரிப்புக்கு எதிர்ப்பாட்டு கிடையாது. கங்காணி மாமா தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார்.

அத்தை அதோடு விடவில்லை. திரும்பி வந்தவனை ரதிதான் அடையாளம் சொல்லவேண்டும், ஆம்பிளைகளுக்கு அதில் என்ன வேலை என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"நாளைக்குக் காலையில பட்டிப்பொல ரயிலு இருக்கு. ஒங்க தங்கச்சிய ஏத்திவிட்டுட்டு வாங்க. நெய்ய வெச்சிட்டுப் போகட்டும், கலியாணத்துக்கு ஆகும்."

தலவாக்கலைக்கு

கங்காணி மாமா ஸ்டேஷனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அத்தை சேலைப் பொட்டணத்தை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார். என் மேசையில் வைத்தார். போகவில்லை. மருந்துப் போத்தல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் கண்ண மூடிக்கிட்டதுல படத்துல எம்புட்டுப் போச்சு?" என்றார் கடைசியில்.

யோசித்துப் பார்த்து, பாதிக்கு மேல் போய்விட்டது என்றேன்.

"இப்ப தலவாக்கலையில ஓடுதாம்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. கச்சானை அவரே வாங்கினார். மூளை வந்தபோது முந்தானைக்குக் கை போனது, பிடித்து இறக்கிக்கொண்டார். ஈரல் வந்தபோது "இடப்பக்கமா?" என்று என்னிடம் கேட்டார், நான் முன்பே சொல்லியிருந்ததால். விஞ்ஞானியின் தலை உருண்டபோது, பேசிக்கொண்டே இருந்தால் இப்படித்தான் என்றார்.

பிறகு அந்தக் கதவு வந்தது. வெளியே பிரபு நிற்கிறான். உள்ளே கறுப்பு உடுப்பில் அவன் மனைவி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருகிறாள். தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்.

அத்தை இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"தொறக்காதடி" என்றார், தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி. "அவன் இல்லடி அது. தொறக்காத."

எங்களுக்கு முன்னாலிருந்த பெண்ணும், தொறக்காத என்றாள். கலரியில் இன்னும் சில குரல்கள் சேர்ந்துகொண்டன. நானும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் திறந்தாள். சிரித்தாள்.

கண்ணை ஒரு முறைகூட மூடாமல் அத்தை கடைசிவரை பார்த்தார். எல்லாம் அடங்கியதும் பின்னால் சாய்ந்து, "சொன்னா கேக்குறாளா" என்றார். ஒரு கச்சானை உடைத்து, தோலை ஊதிவிட்டு, பருப்பை என் கையில் வைத்தார்.